‘இன்னும் பத்தே நிமிடம்தான்!’ – வெட்கத்தைக் காசாக்கும் தொலைக்காட்சி வியாபாரம்

பாயா ரும்புட்டில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், தொலைக்காட்சி அலமாரியின் கீழ்த்தட்டில் போத்தல் இருக்கும், எடுத்து வா என்றார். கதவைத் திறந்தால் எண்ணெய்ப் போத்தலுக்கு முன்னால் ஒரு குட்டிக் கடையே இருந்தது. முட்டை வடிவத்தில் ஒரு குதிகால் தேய்ப்பான். உள்ளங்காலில் முள் முள்ளாகக் குத்தும் அக்குபிரஷர் செருப்பு ஒரு ஜோடி. இடுப்பில் கட்டினால் அதிரும் பட்டை. உதட்டுச்சாயக் குப்பி மாதிரி இருந்த, முகத்து முடி எடுக்கும் கருவி. கழுத்துக்கு ஒரு மசாஜ் இயந்திரம். பாதிப் பெட்டிகளின் ஒட்டுத்தாளைக்கூடப் பிரிக்கவில்லை.

“இதெல்லாம் எப்ப வாங்குனீங்க பெரியம்மா?” என்று கேட்டேன்.

“முன்னாடி டிவியில போட்டான், இப்ப போன்ல போடுறான். நீ எண்ணெய எடுத்துக்கிட்டு கதவைச் சாத்து தம்பி” என்றார்.

கதவைச் சாத்தச் சொன்ன அந்த அவசரம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பெரியம்மா ஏமாளி அல்லர். அலோர் காஜா பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். கங்காணி கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்டு வாங்கிய கை அது. மீன் கடையில் அவரிடம் பழைய மீனைத் தள்ளிவிட முடியாது. அப்படிப்பட்டவரிடம் ஆறேழு பெட்டிகளை ஒருவன் முகம் காட்டாமலேயே விற்றிருக்கிறான் என்றால் அது எப்படி நடந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

குதிகால் தேய்ப்பானையே எடுத்துக்கொள்வோம். அது செய்கிற வேலை புதிது ஒன்றும் இல்லை. தோட்ட லயத்துக் குளியல் இடத்தில் ஒரு சொரசொரப்பான கல் எப்போதும் கிடக்கும். விடியலில் பனி நனைந்த புல்லில் நடந்து வெடித்த கால்களை அதில்தான் தேய்த்தார்கள். அந்தக் கல்லுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. அதே வேலைக்கு இன்று ஐம்பது, அறுபது வெள்ளி கொடுக்கிறோம். கருவி அவ்வளவு உசத்தியாகிவிட்டது என்பதால் அல்ல. வெடித்த கால் ஒரு வெட்கமாக ஆகிவிட்டது, அதனால்தான்.

இந்த அரை மணி நேர விளம்பரங்கள் விற்கும் சொந்தப் பராமரிப்புக் கருவிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். பித்த வெடிப்பு. பெண்களுக்கு மோவாயில் வளரும் முடி. குறட்டை. கழுத்துக் கறுப்பு. தொப்பை. உச்சியில் தெரியத் தொடங்கும் வழுக்கை. எல்லாமே கடை முகப்பில் நின்று வாய்விட்டுக் கேட்கக் கூசும் விஷயங்கள். சிறிய ஊரில் அந்தக் கூச்சம் இரட்டிப்பு. மருந்தகத்தில் நிற்கும் பெண் நம் பிள்ளையோடு தமிழ்ப்பள்ளியில் படித்தவளாக இருப்பாள். பக்கத்தில் வரிசையில் நிற்பவர் கோயில் கமிட்டிக்காரராக இருப்பார். அவர்கள் முன்னால் ‘எனக்கு மீசை முளைக்கிறது, அதற்கு ஏதாவது இருக்கிறதா?’ என்று எந்த அம்மா கேட்பார்?

தொலைக்காட்சி அதைக் கேட்க வைப்பதில்லை. அதுவாகவே வந்து சொல்கிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, உங்களிடம் மட்டும் சொல்கிறது. தொலைபேசியை எடுப்பவருக்கு உங்களைத் தெரியாது. பொருள் பழுப்புப் பெட்டியில் மூடி வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்சல் கொண்டுவரும் பையனுக்கும் தெரியாது. ஆக, விற்பனையாவது கருவி மட்டுமல்ல, யாரும் பார்க்காமல் வாங்கிக்கொள்ளும் வசதியும்தான். விலையில் பெரும்பங்கு அந்த வசதிக்குப் போகிறது என்பது என் எண்ணம்.

அந்த அரை மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். முதல் சில நிமிடங்களுக்குக் கருவியே வராது. ஒரு பெண் கல்யாண வீட்டில் காலை நாற்காலிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படம் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருக்கும், இசை சோகமாக இருக்கும். பார்ப்பவர் தன் காலைத் தன்னையறியாமல் குனிந்து பார்க்கும் வரை அந்தக் காட்சி நீளும். பிறகுதான் வண்ணம் வரும், சிரிப்பு வரும், கருவி வரும்.

அடுத்தது செய்முறை. கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் காலைத் தேய்த்து, வெள்ளைத் தூள் கொட்டுவதைக் காட்டுவார்கள். இந்த வியாபாரத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்று மாதம் பூசினால் பலன் தரும் களிம்பை இப்படி விற்க முடியாது. பத்து விநாடிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி எதையாவது செய்யும் பொருள்தான் இவர்களுக்கு வேண்டும். தூள் கொட்ட வேண்டும், முடி உதிர வேண்டும், சதை குலுங்க வேண்டும். அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி; கேமராவில் தெரிகிறதா என்பதே இங்கே கேள்வி. அதனால்தான் மருந்துகளைவிடக் கருவிகள் அதிகம் வருகின்றன.

கடைசியில் விலை. முதலில் 299 ரிங்கிட் என்று ஓர் எண் வரும். எந்தக் கடையில், எந்தக் காலத்தில் அந்த விலைக்கு விற்றது என்று யாருக்கும் தெரியாது. அதன்மேல் ஒரு சிவப்புக் கோடு. 199, அதன்மேலும் கோடு. பிறகு 99.90. ‘இப்போதே அழைத்தால் இன்னொன்று இலவசம்’ என்பார்கள், இரண்டுக்கும் தபால் கட்டணம் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். திரையின் மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடும், கையிருப்பு எண் நூறிலிருந்து இறங்கிக்கொண்டே வரும். நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். தீர்ந்துபோன கையிருப்பும் மறுபடி நிரம்பியிருக்கும்!

ஏன் நள்ளிரவு? அந்த நேரத்து ஒளிபரப்பு மலிவு என்பது ஒரு காரணம். அப்போது விழித்திருப்பவர்கள் யார் என்பது இன்னொன்று. கால்வலி, முட்டிவலியில் தூக்கம் வராத வயதானவர்கள். பத்து பெரெண்டாம், செங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவர்கள். களைத்தவரிடமும் வலியில் இருப்பவரிடமும் பேரம் பேசுவது எளிது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒவ்வொரு தொலைபேசி எண் கொடுத்துவிடுவதால் எந்த ஒளிபரப்பு எத்தனை பேரை அழைக்க வைத்தது என்று மறுநாள் காலையே கணக்கு வந்துவிடும். அழைப்பு வராத விளம்பரத்தை உடனே தூக்கிவிடுவார்கள். நாம் பார்ப்பது அப்படிச் சலித்துச் சலித்து மிஞ்சியவற்றை மட்டும். அதனால்தான் அவை நம்மை அவ்வளவு சரியாகத் தாக்குகின்றன.

இதைப் படிக்கும் சிலருக்குப் பழைய சம்பள நாள் வியாபாரிகள் நினைவுக்கு வரலாம். தோட்ட ஆபீசுக்கு வெளியே துணி, பாத்திரம், தைலம் என்று விரித்து வைத்திருப்பார்கள். பாசார் மாலாமில் மைக் பிடித்து மருந்து விற்பவரின் பேச்சும் இதே பேச்சுதான்: முதலில் பயம், பிறகு வித்தை, பிறகு ‘இன்றைக்கு மட்டும்’. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மோட்டார்சைக்கிளில் சேலை கொண்டுவந்து தவணைக்குக் கொடுத்தவர் அடுத்த மாதம் அதே லயத்துக்கு வந்தாக வேண்டும். சாயம் போனால் சேலையை அவர் முகத்தில் வீசலாம். பல வீடுகளில் வீசியும் இருக்கிறார்கள். திரைக்குள் இருப்பவர் திரும்பி வருவதில்லை.

இந்தத் தொழிலைப் பெரிய அளவில் வளர்த்தது அமெரிக்கா. தொலைக்காட்சியில் இவ்வளவு நேரம்தான் விளம்பரம் போடலாம் என்ற வரம்பை அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் 1984இல் எடுத்துவிட்டது. அதன்பிறகு அரை மணி நேரம் முழுவதையும் விலைக்கு வாங்கி ஒரே பொருளைப் பற்றிப் பேசலாம் என்றானது. நம்மவர்கள் அறிந்திராத ஒரு செய்தி: இதில் கொடிகட்டிப் பறந்தவர்களில் இரு சகோதரர்கள் இந்திய வம்சாவளியினர். அண்ணன் ஏ.ஜே. குபானி 1983இல் டெலிபிராண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘தொலைக்காட்சியில் பார்த்தது’ என்று பெட்டிகளின்மேல் வரும் சிவப்பு முத்திரையைப் பரப்பியவர் அவர். முட்டை வடிவக் குதிகால் தேய்ப்பானான பெட்எக் அவருடைய நிறுவனத்தின் பொருள்தான். பத்து டாலர் விலையில் கோடிக்கணக்கில் விற்றது. பெரியம்மாவின் அலமாரியில் இருப்பது அதன் பெயரில்லா நகல்களில் ஒன்று.

அதே டெலிபிராண்ட்சின் இன்னொரு பொருள் ஏபி ஃபோர்ஸ். வயிற்றில் கட்டிக்கொள்ளும் மின் பட்டை. இந்த வழக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விளம்பரங்களின் சூட்சுமம் முழுவதும் அதில் இருக்கிறது. ‘இதைக் கட்டினால் தொப்பை கரையும்’ என்று அந்த விளம்பரம் எங்கேயும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வரும் மற்ற மின் பட்டைகளைப் பார்த்திருப்பீர்களே, அவை விலை அதிகம், இது மலிவு என்ற அளவில்தான் பேசியது. ஆனால் திரையில் கட்டுமஸ்தான வயிறுகள் மாறி மாறி வந்தன. மற்ற பட்டைகள் ஏற்கெனவே மக்கள் மனத்தில் விதைத்து வைத்திருந்த நம்பிக்கையை ஒரு வார்த்தை செலவில்லாமல் இது அறுவடை செய்தது. 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் விற்பனை. வாயால் சொல்லாவிட்டாலும் படத்தால் சொன்னது பொய்தான் என்று அமெரிக்க மத்திய வாணிப ஆணையம் 2005இல் தீர்மானித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. 2009இல் 70 லட்சம் டாலர் கொடுத்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. ‘நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்று யாராவது உங்களிடம் வாதிட்டால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஆண்டி குபானியின் ஐடியாவில்லேஜ் நிறுவனம் வேறு பாதையில் போனது. பெண்களின் முகத்து முடியை எடுக்க, உதட்டுச்சாயக் குப்பி வடிவத்தில், தங்க முலாம் பூசிய தலையோடு ‘ஃப்ளாலெஸ்’ என்ற கருவியை விற்றார்கள். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், சுழலும் ஒரு பிளேடு. அவ்வளவுதான். ஆனால் வடிவத்தைக் கவனியுங்கள்: கைப்பையில் கிடந்தால் மற்றவர்கள் உதட்டுச்சாயம் என்றுதான் நினைப்பார்கள். வெட்கத்தை அறிந்து அதற்கேற்ற உறை செய்தவர்கள் அவர்கள். பல் துலக்கும் பசை, சோடா மாவு விற்கும் சர்ச் அண்ட் ட்வைட் என்ற பெரிய நிறுவனம் 2019இல் இந்த வியாபாரத்தை 47.5 கோடி டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கியது. நன்றாக விற்றால் இன்னும் 42.5 கோடி வரை தருவதாகவும் ஒப்பந்தம்.

பிறகு என்ன ஆயிற்று? 2022இல் அந்த வியாபாரத்தின் மதிப்பில் 41.1 கோடி டாலரை அந்நிறுவனம் தன் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. 2025இல் ஃப்ளாலெஸ் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. கருவி கெட்டுப் போகவில்லை. அது என்றும் இருந்த கருவிதான். அதைச் சுற்றி எழுப்பிய பரபரப்பு அடங்கியது, மலிவு நகல்கள் பெருகின. இப்படிப்பட்ட ‘அமோக விற்பனை’ எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. கோடிகளில் புரளும் நிறுவனமே அந்த விளம்பர அலையைப் பார்த்து அதிக விலை கொடுத்திருக்கும்போது பெரியம்மாவின் ஐம்பது வெள்ளியைக் குறை சொல்லி என்ன பயன்!

தமிழில் இந்த வியாபாரம் என்றால் இந்தியாவின் நாப்டால்தான் நினைவுக்கு வரும். வடநாட்டுத் தொகுப்பாளர்களுக்குத் தமிழில் குரல் கொடுத்து, வாயசைவு ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமுமாக ஓடும் அந்த நிகழ்ச்சிகளைக் கேலி செய்யாத நகைச்சுவை நிகழ்ச்சி இல்லை. சிரித்தோம்; சிரித்துக்கொண்டே வாங்கியவர்களும் உண்டு. இந்திய மத்திய பயனீட்டாளர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நாப்டாலுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதில் பேசப்பட்ட பொருள்கள்: இரண்டு செட் நகை, காந்த முழங்கால் பட்டை, அக்குபிரஷர் யோகா செருப்பு. ஆம், அலமாரியில் நான் பார்த்தேனே, அந்த வகைச் செருப்புதான்.

அபராதத் தொகை அந்த அளவு நிறுவனத்துக்குப் பெரிதல்ல. ஆணையம் சொன்ன மற்ற இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று, முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் அது பதிவு செய்யப்பட்டது, இப்போதைய கையிருப்பைக் காட்டுவதல்ல என்று திரையில் தெளிவாகப் போட வேண்டும். இரண்டு, பொருள் தீர்ந்துவிடும், நாளைக்குக் கிடைக்காது என்று செயற்கையாகத் தட்டுப்பாட்டை உண்டாக்குவதை நிறுத்த வேண்டும். அதாவது, கடிகாரத்தின் மேல் கை வைத்தார்கள். இந்த வியாபாரத்தில் பொய்கள் பல இருந்தாலும் வாங்க வைக்கும் பொய் அந்தக் கடிகாரம்தான். அதை எடுத்துவிட்டால் பார்ப்பவருக்கு யோசிக்க ஓர் இரவு கிடைக்கும். ஓர் இரவு யோசித்தால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் இது கொரியக் கூட்டோடு வந்தது. அஸ்ட்ரோவும் கொரியாவின் ஜிஎஸ் நிறுவனமும் சேர்ந்து 2015இல் கோ ஷாப்பைத் தொடங்கின. மலாய்க்கு ஒன்று, சீனத்துக்கு ஒன்று எனத் தனி அலைவரிசைகள் ஓடின. மறு ஆண்டு மீடியா பிரிமா, கொரியாவின் சிஜே நிறுவனத்தோடு சேர்ந்து வாவ் ஷாப்பைக் கொண்டுவந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இப்படிப் பெயரும் முகவரியும் உள்ள நிறுவனங்களிடம் வாங்கிய பொருளுக்காகச் சண்டை போட ஓர் இடமாவது இருந்தது. நானும் ஒரு தூக்கமில்லாத இரவில் தொலைக்காட்சி பார்த்து மூக்கு முடி வெட்டும் கருவி வாங்கியிருக்கிறேன். ஐந்து வருடமாக வேலை செய்கிறது. எல்லாமே குப்பை என்று சொன்னால் அதுவே இன்னொரு மிகை விளம்பரம் ஆகிவிடும்.

கோ ஷாப் 2023 அக்டோபர் 11ஆம் தேதியோடு மூடப்பட்டது. தொலைக்காட்சி வியாபாரம் தேய்கிறது, நல்லதுதானே என்று நினைக்கலாம். வித்தை எங்கேயும் போகவில்லை, கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. டிக்டாக் ஷாப் 2022இல் மலேசியாவுக்கு வந்தது. முன்பு நள்ளிரவில் மட்டும் வந்த விளம்பரம் இப்போது எந்நேரமும் கையில் இருக்கிறது. முன்பு பொதுவாகப் பேசியது. இப்போது நீங்கள் எந்தப் படத்தில் எத்தனை விநாடி நின்றீர்கள் என்று பார்த்து உங்கள் வெட்கத்தைக் கண்டுபிடித்துப் பேசுகிறது. குதிகால் வெடிப்புக் காணொளி ஒன்றை முழுதாகப் பார்த்துவிட்டால் போதும், ஒரு வாரத்துக்குக் கால்களாகவே வரும். தமிழில் நேரலையில் விற்கும் நம் பெண்கள் பலர் சேலையும் பலகாரமும் விற்று நேர்மையாகக் குடும்பம் நடத்துகிறார்கள், அவர்களை நான் சொல்லவில்லை. முகமில்லாத கணக்கிலிருந்து, வேறு நாட்டில் எடுத்த காணொளிக்குத் தமிழ்க் குரல் ஒட்டி ஓட்டுபவர்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கணக்கு அடுத்த மாதம் வேறு பெயரில் இருக்கும்.

இது வெறும் ஐம்பது வெள்ளி விவகாரமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் சமுதாயத்தில் இது கால் விவகாரம்.

தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 2019இல் 18.3 விழுக்காடு, 2023இல் 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்விலும் இந்தியர்களிடையேதான் விழுக்காடு மிக அதிகம். இனிப்பு நீர் பல ஆண்டுகள் இருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். குத்தினாலும் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் சின்னக் காயம்கூட ஆறாது. அது புண்ணாகி, புரையோடி, விரலை, சில நேரம் காலையே எடுக்கும் நிலைக்குப் போகும். இனிப்பு நீர் உள்ளவர்கள் காலில் தடித்த தோலைத் தாங்களாக வெட்டவோ சுரண்டவோ கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்வது இதனால்தான்.

இப்போது அலமாரியில் இருந்தவற்றை மறுபடி பாருங்கள். சின்னச் சின்னப் பிளேடுகளால் தோலைச் சீவும் தேய்ப்பான். வலி தெரியாத பாதத்தில் அதை எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரியும்? விளம்பரத்தில் அதைப் பலூன்மேல் தேய்த்து, ‘பார்த்தீர்களா, உடையவில்லை!’ என்று காட்டுவார்கள். பலூனுக்கு இனிப்பு நீர் கிடையாது. முள் செருப்பு: ‘குத்துகிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம்’ என்பது அதன் விளம்பரப் பேச்சு. குத்துவதே தெரியாதவர் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் வீட்டுக்குள் நடப்பார். சூடு கொடுக்கும் பாத மசாஜ் இயந்திரமும் அப்படித்தான். சூடு ஏறியது தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். நல்ல ஆரோக்கியமான காலுக்கு இவற்றில் பல தீங்கில்லாதவை. ஆனால் இவற்றை வாங்கும் ஆவல் யாருக்கு அதிகம் வரும்? காலில் தொந்தரவு உள்ளவர்களுக்குத்தானே! அதாவது, யார் தொடவே கூடாதோ அவர்களைத் தேடித்தான் இந்த விளம்பரம் போகிறது.

நம் சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் சில நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்தையோ கருவியையோ பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நீரிழிவு அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே ‘இந்தச் செருப்பைப் போட்டால் சர்க்கரை இறங்கும்’ என்று ஒரு காணொளி சொன்னால் அது வெறும் புளுகு மட்டுமல்ல, குற்றம். நோயைத் தீர்க்க என்று விற்கும் கருவி, 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். விலையைப் பற்றித் தவறாக எண்ண வைப்பது 12ஆம் பிரிவு. இலவசம், பரிசு என்று ஆசை காட்டுவது 14ஆம் பிரிவு. பொருள் குறைவாகவே இருக்கிறது என்று சொல்லி விற்பதைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது 15ஆம் பிரிவு. இந்தியா 2022இல் ஓர் உத்தரவு போட்டுச் சொன்னதற்கு, இங்கே கால் நூற்றாண்டுக்கு முன்பே பிரிவு எழுதி வைத்திருக்கிறார்கள். சிவப்புக் கோடு போட்ட விலைக்கும், ஓடும் கடிகாரத்துக்கும், இறங்கும் கையிருப்பு எண்ணுக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சு இந்தப் பிரிவுகளை நேரலை விற்பனையில் எடுத்துக் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. புதுச் சட்டம் கேட்கவில்லை, இருப்பதைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

தனி மனிதருக்கும் வழி இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கியதற்கும் இது பொருந்தும். விற்றவர் யார், எந்த முகவரி என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன் அந்தக் காணொளியில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதன் காரணமும் அதுவே. கடிகாரம் ஓடட்டும், நீங்கள் முகவரியைத் தேடுங்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி பாயா ரும்புட்டுக்குப் போனேன். பெரியம்மாவுக்கு இனிப்பு நீர் இருப்பது எட்டு வருடமாக எல்லோருக்கும் தெரியும். இடது குதிகாலில் ஒரு புண் இரண்டு மாதமாக ஆறாமல் கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ‘எப்படிம்மா பட்டது?’ என்று தாதி கேட்டதற்குக் கல் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

“அந்த முட்டையத் தேய்ச்சதுலதானே வந்துச்சு, பெரியம்மா?”

பதில் இல்லை. நடுவர் மன்றத்தின் பாரத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றேன். கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். பெயர், முகவரி, வாங்கிய தேதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பொருளின் பெயர், என்ன பயனுக்காக வாங்கினீர்கள் என்ற இடம் வந்ததும் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

“இத அங்க எத்தனை பேரு படிப்பாங்க தம்பி?” என்று கேட்டார்.

பாரம் இன்னும் என் காரில்தான் இருக்கிறது. தேய்ப்பானை மட்டும் அன்றே எடுத்து வந்துவிட்டேன். அடுத்த கட்டுப் போடும் நாளில் தாதியிடம் உண்மையைச் சொல்வதாகப் பெரியம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.